திரும்பும் திகதி

2025 ஓகஸ்ட் 9ஆம் திகதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ரொறன்ரோத் துறைமுகத்தின் கிழக்கு இறங்குதுறையிலிருந்து வடதுருவக் கடலுக்குப் புறப்படவிருந்த 'வெண்கடல்' என்ற கப்பல் புறப்படவில்லை.

காற்று இல்லை. ஏரி கண்ணாடி போலக் கிடந்தது. எண்ணெய் நிரப்பியாகிவிட்டது. பேசாலையில் பிறந்து நாற்பது வருடத்தைக் கடலில் கழித்த கப்டன் சீமோன் விடிய ஐந்து மணிக்கே முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மேல்தளத்தில் நின்றார். பிரதம விருந்தினர் மட்டும் வரவில்லை. அவர் அஜக்ஸில் ஒரு கலியாணத்தில் தாலி கட்டும்வரை இருப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். அங்கே ஐயர் பிந்திவிட்டார்.

"விருந்தினரும் எங்களோடை கப்பலிலை வாறாரே, அண்ணை?" என்று பக்கத்தில் நின்ற பேர்ணடெற் கப்டனைக் கேட்டாள்.

"இல்லைத் தங்கச்சி. அவர் கரையிலை நிண்டு கை காட்ட மட்டும்தான்."

"அப்ப அவர் இல்லாமல் போகேலாதோ?"

"கப்பல் போகும். மாமன்றம் போகாது."

மாமன்றம் என்று அவர் சொன்னது, கப்பலை வாடகைக்கு எடுத்திருந்த உலகத் தமிழர் துருவப்பனிப் பாதுகாப்பு மாமன்றத்தை. ஸ்காபரோவில் தொடங்கி மூன்று வருடமாகிறது. அதன் விதிகளைச் சொல்லும் யாப்பில் மூன்று நோக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. உருகும் கடற்பனியை ஆராய்வது முதலாவது. அதைக் காக்கும்படி உலகத்திடம் பரப்புரை செய்வது இரண்டாவது. மேற்படி நோக்கங்களை முன்னிட்டு விழா எடுப்பது மூன்றாவது. மூன்றாவது நோக்கம் இதுவரை பதினேழு தடவை முழுமையாக நிறைவேறியிருந்தது.

பேர்ணடெற்றுக்கு விழாவோடு சோலி இல்லை. ஐம்பத்திரண்டு வயதான அவள் ஒரு பல்கலைக்கழகத்தின் கருவிக்கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறவள். இரண்டு கோடைக்கு முன்னர், அவளும் இன்னும் இருவரும் சேர்ந்து கட்டிய கருவியொன்றை வேறொரு கப்பல் கொண்டுபோய்ப் பாஃபின் தீவுக்கு வடக்கே இறக்கிவிட்டு வந்தது. அது தண்ணீருக்குள் மிதந்தபடி மேல்நோக்கி ஒலியை அனுப்பும். தலைக்கு மேலே கிடக்கும் பனியின் தடிப்பை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, தனக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்ளும். கடலடியில் ஒரு நங்கூரத்தோடு கம்பியால் கட்டப்பட்டிருந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால் ஒரு கப்பல் நேர்மேலே போய் நின்று ஒலிச் சைகை கொடுக்கவேண்டும். சைகை கேட்டால் நங்கூரத்துக் கொக்கி திறக்கும், கருவி மேலே வரும். அந்தக் கொக்கியின் பற்றறி 2025 செப்டெம்பர் முப்பது வரை மட்டும்தான் தாங்கும் என்று செய்த கொம்பனி எழுதிக் கொடுத்திருந்தது. அதற்குப் பிறகு எத்தனை தரம் கூப்பிட்டாலும் கொக்கிக்குக் காது கேட்காது. இரண்டு வருடத்து அளவுகளும் கடலோடு சரி.

அந்த வருடம் வடக்கே போகிற ஆய்வுக் கப்பல்கள் எதிலும் இடம் கிடைக்கவில்லை. மாமன்றத்திலிருந்துதான் கடிதம் வந்தது: அறிவியலாளர் ஒருவருக்கு ஓரிடம் ஒதுக்கியிருக்கிறோம். சுவரொட்டியில் போட அவர்களுக்கு ஓர் அறிவியலாளர் தேவைப்பட்டது. அவள் சந்தோசப்பட்டு ஓம் என்று எழுதினாள். அடுத்த கிழமை ஸ்காபரோக் கடைக் கண்ணாடிகளில் அவளுடைய படம் தொங்கியது. கீழே, 'பனியியல் மேதை டாக்டர் பேர்ணடெற்.' அவள் மாமன்றத் தலைவர் குலசிங்கத்துக்குத் தொலைபேசி எடுத்து, தான் டொக்ரர் இல்லை, கருவி செய்கிறவள் என்றாள்.

"போஸ்ரர் அடிச்சாச்சே, தங்கச்சி," என்றார் குலசிங்கம். "இனி நீங்கள்தான் படிச்சு டொக்ரராக வேணும்."

பயணம் அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப் போனது. ஓகஸ்ட் 16ஆம் திகதி பிரதம விருந்தினர் வந்தார். மேல்தளத்தில், கருவியைக் கடலிலிருந்து தூக்கப் பேர்ணடெற் பூட்டியிருந்த பாரந்தூக்கியின் இடத்தில் மேடை போட்டிருந்தார்கள். பாரந்தூக்கியைக் கழற்றி ஒரு பக்கமாகச் சாய்த்து, அதன் இரண்டு கால்களிலும் வாழைமரம் கட்டியிருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் முப்பத்தொரு அம்சங்கள். முப்பத்தோராவது அம்சம் 'கப்பல் புறப்படுதல் (நேரம் இருப்பின்)'.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஏரிக்காற்றுக்கு அது மூன்று தரம் அணைந்தது. நான்காம் தரம் ஒருவர் குடையைப் பிடித்து நிற்க, பன்னிரண்டு பிரமுகர்கள் ஒவ்வொரு திரியாக ஏற்றினார்கள். பதின்மூன்றாவது பிரமுகருக்குத் திரி இல்லாமல் போய், அவர் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த திரியொன்றை மரியாதையாக இன்னொரு தரம் ஏற்றினார். பிறகு எல்லோரும் எழுந்து நிற்கும்படி அறிவித்தார்கள். இதுவரை உருகிப்போன பனிக்காக ஒரு நிமிட அகவணக்கம். பேர்ணடெற் வருடத்தில் ஒரு நாள், போரில் இறந்த தன் தம்பிக்காக, அப்படி எழுந்து நிற்பவள். இன்று அவள் எழும்பவில்லை. கைப்பேசியால் படம் பிடித்துக்கொண்டிருந்த நிலாணி ஓடி வந்தாள். மாமன்றத்தின் ஊடகப் பொறுப்பாளரான அவளுக்கு இருபத்திரண்டு வயது.

"அன்ரி, யூ ஓகே? எல்லாரும் நிக்கினம். ஷொட்டிலை நீங்கள் மட்டும் இருக்கிறீங்கள், லைக், இற் லுக்ஸ் வியேர்ட்."

"எனக்குக் கால் நோகுது, பிள்ளை."

"நோ வொறீஸ், அன்ரி. நான் உங்களைப் படத்திலையிருந்து குறொப் பண்ணுறன்."

மேடைக்கு முன்னால் நாலடி உயரத்தில் ஒரு பனிக்கரடி நின்றது. மீன் கடையொன்றில் சொல்லிச் செய்வித்த பனிக்கட்டிச் சிற்பம். மாலை போட்டிருந்தது. கண்ணுக்கு வைத்த குங்குமம் கரைந்து கன்னத்தால் வழிய, கரடி எதையோ கடித்துத் தின்றுவிட்டு வந்தது போலிருந்தது. குலசிங்கம் அதன் தலையில் ஒரு கை வைத்தபடி தலைமையுரை ஆற்றினார். அவர் முப்பது வருடம் வீடு விற்றவர். யாரோடு பேசினாலும் இரண்டு அறையைக் காட்டிவிட்டு மூன்று அறை என்று சொல்கிறவரின் குரல் வரும்.

"அன்பர்களே, பனிக்கும் எங்களுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. நான் எண்பத்தாறாம் ஆண்டு இந்த நாட்டில் வந்து இறங்கியபோது என் காலில் இருந்தது செருப்பு. அன்று பனி என்னைத் தொட்டது. இன்று நான் பனியைத் தொட்டிருக்கிறேன்!" கைதட்டல். "சிலர் கேட்கிறார்கள், கப்பல் எப்போது போகும் என்று. நான் திருப்பிக் கேட்கிறேன். போவதா முக்கியம்? போகிறோம் என்று உலகம் அறிவதல்லவா முக்கியம்! ஒருவருக்கும் தெரியாமல் துருவத்துக்குப் போய் வந்த விஞ்ஞானிகள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது இந்த ஸ்காபரோவில் யாராவது மாலை போட்டதுண்டா?"

ஒருவரும் போட்டதில்லை என்பதைச் சபை தலையாட்டி ஏற்றுக்கொண்டது.

அடுத்தது சிறப்பு மலர் வெளியீடு. பெயர் 'பனிமலர்'. இருநூற்று நாற்பது பக்கம். அதில் பனியைப் பற்றி நான்கு பக்கம். மிச்சம் வாழ்த்துச் செய்திகளும், வீடு விற்பவர்களும், வீட்டுக்கடன் எடுத்துக் கொடுப்பவர்களும். முதல் பிரதியை மாமன்றத்தின் காப்பாளர் நவரட்ணம் பெற்றுக்கொண்டார். எண்பது வயதான அவர் கப்பலின் வாடகையில் பெரும்பங்கைக் கொடுத்தவர். மலர் கையில் கிடைத்ததும் எல்லோரையும் போல அவரும் தன் பக்கத்தைத் தேடிப் புரட்டினார். கண்டுபிடித்தார். அவருடைய கோட்டுப் படத்துக்குக் கீழே 'அருகிவரும் இனம். பாதுகாக்கப்பட வேண்டியது' என்று அச்சாகியிருந்தது. எதிர்ப் பக்கத்தில் பனிக்கட்டி மேலே நின்ற துருவக்கரடியின் கீழே, 'எமது கொடை வள்ளல், அஜக்ஸில் வாழ்கிறார்.'

நவரட்ணம் மலரை மெதுவாக மூடினார்.

"கப்பல் வெளிக்கிட முதல் இதுக்கொரு முடிவு தெரியவேணும்," என்றார்.

செயற்குழு உடனே சமையலறைக்குள் கூடியது. சரியான வரிகளை அச்சடித்து மேலே ஒட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். நவரட்ணம் கேட்டுக்கொண்டுதான் நின்றார். "நான் ஸ்ரிக்கர் ஒட்டுற ஆளில்லை," என்றார். முழு மலரையும் மறுபடி அச்சடிப்பதென்றும், பயணம் மலரோடுதான் தொடங்கவேண்டுமென்றும் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். இரண்டு கிழமை போயிற்று.

அந்த இரண்டு கிழமையும் பேர்ணடெற் வேலை முடிந்து ஒவ்வொரு பின்னேரமும் துறைமுகத்துக்குப் போனாள். கருவிப் பெட்டிகளைத் திறந்து பார்த்து மூடுவாள். ஒலிச் சைகைப் பெட்டிக்கு மின்னேற்றுவாள். கப்பல், விழா முடிந்த மண்டபம் போல நாறியது. வாழைமரம் கறுத்து அழுகி, அதிலிருந்து ஒரு சாறு வடிந்து தளத்தில் ஒட்டியது. செயற்கைப் பனிக்காகக் கொட்டிய வெள்ளை ரெஜிபோம் நுரை உருண்டைகள் ஏரிக்குள் பறந்து, கப்பலைச் சுற்றி ஒரு வெள்ளை ஓரமாக மிதந்தன. பிரமுகர்கள் வந்துபோகிற அறைகள் குளிராக இருக்கவேண்டுமென்று கப்பலின் மின்னியந்திரம் இரவு பகலாக ஓடியது. அதன் கரிப்புகை காய வைத்த கொடிகளில் படிந்தது. கொடிகளில் 'பூமியைக் குளிர வைப்போம்' என்று எழுதியிருந்தது.

ஒருநாள் பனி மாதிரிகள் கொண்டுவருவதற்கான உறைபெட்டியைத் திறந்தாள். உள்ளே கரடி படுத்திருந்தது. அடுத்த விழாவுக்காகப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். மூடி மூடுவதற்காக ஒரு காதை உடைத்திருந்தார்கள். கரடியைச் சுற்றி எட்டுத் தட்டு மட்டன் றோல்ஸ்.

"இது கழுவித் துடைச்சு, ஒரு கிருமியும் இல்லாமல் வைச்சிருந்த பெட்டி, அண்ணை," என்றாள். குரல் இறங்கிப் போயிருந்தது.

சீமோன் எட்டிப் பார்த்தார். "றோல்ஸ் ஆரோ திண்டு குறைஞ்சிருக்கு," என்றார். பெட்டியை மூடிவிட்டு, "கணக்கை ஒருக்காப் பார், பிள்ளை. எங்களுக்கு எத்தனை நாள் இருக்கு?" என்றார்.

கருவி கிடக்குமிடத்துக்குப் பன்னிரண்டு நாள் ஓட்டம். தேடிப் பிடிக்க ஒரு நாள். செப்டெம்பர் பதினேழுக்குள் கயிறு அவிழ்க்கவேண்டும். அதற்கு அங்கால் ஒருநாள்கூட இல்லை.

ஓகஸ்ட் 30ஆம் திகதி புது மலர் வந்தது. நவரட்ணம் மனிதராகவும் கரடி கரடியாகவும் அச்சாகியிருந்தார்கள். அன்று செயலாளர் சச்சிதானந்தன் தன்னுடைய செய்தி ஏழாம் பக்கத்திலிருந்து பதினோராம் பக்கத்துக்குத் தள்ளப்பட்டிருப்பதைக் கண்டார். ஞாயிற்றுக்கிழமை மில்லிக்கனில் தன் வீட்டு நிலக்கீழ் அறையில் பொதுக்கூட்டம் கூட்டி, அதே பெயரில், அதே யாப்போடு, இன்னொரு மாமன்றத்தைத் தொடங்கினார். பெயருக்கு முன்னால் 'அசல்' என்று ஒரு சொல் மட்டும் கூடுதல். பதாகையையும் குத்துவிளக்கையும் ரப்பர் முத்திரையையும் அவர் முதல் நாளே காரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். துருவப் பனியைக் காக்கும் உரிமை எந்த மாமன்றத்துக்கு என்பது பற்றி இரண்டு சட்டத்தரணிகள் செப்டெம்பர் பன்னிரண்டு வரை கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

பதினைந்தாம் திகதி திங்கட்கிழமை காலை பேர்ணடெற் கப்டனிடம் போனாள்.

"அண்ணை, இவையை விடுங்கோ. நீங்கள் கயித்தை அவிழுங்கோ. நாங்கள் போவம்."

சீமோன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எனக்கும் அந்த எண்ணம் வராமலில்லை, தங்கச்சி. ஆனா வாடகைக்கு எடுத்தவை கையெழுத்து வைக்காமல் நான் கப்பலை எடுத்தால் அதுக்குப் பேர் களவு. இந்த வயசிலை மறியலுக்குப் போகேலாது." மேசை லாச்சியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இதுதான் புறப்பாட்டுப் படிவம். தலைவர், செயலாளர், காப்பாளர், மூண்டு பேரும் வைக்கவேணும். மூண்டையும் வாங்கிக்கொண்டு வா. புதன் விடிய நான் எடுக்கிறன்."

அவள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

குலசிங்கத்தின் அலுவலகம் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில். அவர் தொலைபேசியில் ஒருவருக்கு வீடு காட்டிக்கொண்டே, வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டு, "உங்களுக்குப் 'பனிமகள்' எண்டு ஒரு பட்டம் யோசிச்சு வைச்சிருக்கிறன்," என்றார்.

"பட்டம் வேண்டாம் அண்ணை. கப்பல் போனால் காணும்."

"அதுதான் பாருங்கோ, உங்களைப் போல ஆக்களுக்குத்தான் பட்டம் குடுக்கவேணும்."

மில்லிக்கனில் சச்சிதானந்தன் தேத்தண்ணி கொடுத்து உபசரித்தார். தாளை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"உவற்றை கையெழுத்துக்குக் கீழை என்னை வைக்கச் சொல்லுறியளோ?"

"அண்ணை, அங்கை கோடு போட்டிருக்கு. முதலாவது தலைவர், இரண்டாவது செயலாளர்."

"ஆர் போட்ட கோடு?"

"கப்பல் கொம்பனி."

"கப்பல் கொம்பனிக்கும் காசு குடுத்திட்டான் உவன்."

அவள் அவருடைய கதிரைக்கு முன்னால் கைகளைப் பொத்திக்கொண்டு இருந்தாள். இரண்டு வருடமாகக் கடலுக்கடியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் இலக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். சச்சிதானந்தன் கேட்டுக்கொண்டிருந்தார். மனம் இளகியது போலத்தான் இருந்தது. கடைசியில் தாளைத் தலைகீழாகத் திருப்பி, மேலேயிருந்த வெற்றிடத்தில் கையெழுத்து வைத்தார்.

"இப்ப ஆர் மேலை?" என்றார்.

"நீங்கள்தான், அண்ணை."

"அது காணும்."

அஜக்ஸுக்குப் போகும்போது நாலு மணி. 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. நவரட்ணம் வீட்டு வாசலிலேயே நின்றார். அவர் தாளை முழுதாக வாசித்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டு இரண்டாம் தரமும் வாசித்தார். வெறுமையாகக் கிடந்த ஒரு கட்டத்தை நிரப்பினார். கையெழுத்து வைத்தார்.

"அங்கை கரடி கண்டால் எனக்கொரு படம் அனுப்பு, பிள்ளை," என்றார். "ஆர் ஆர் எண்டு கீழை எழுதாமல் அனுப்பு."

அவள் காருக்குள் ஏறியிருந்து, நெற்றியில் சிலுவை போட்டு, கொஞ்சநேரம் அழுதாள். பதினெட்டு வருட வேலையில் அவளுக்கு இவ்வளவு நிம்மதி வந்ததில்லை. செவ்வாய்க்கிழமை காலை படிவத்தைக் கப்டனின் கையில் கொடுத்தாள். சீமோன் மேலும் கீழும் பார்த்தார், தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். பிறகு நவரட்ணம் நிரப்பிய கட்டத்தில் விரலை வைத்தார்.

"திரும்பும் திகதி: செப்டெம்பர் பத்தொன்பது எண்டு போட்டிருக்கு."

"எந்தச் செப்டெம்பர்?"

"இந்தச் செப்டெம்பர்தான். புதன் போய் வெள்ளி வரவேணும். கிங்ஸ்ரனுக்குப் போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வரலாம்."

பதினொரு மணிக்குக் குலசிங்கம் கப்பலுக்கு வந்தார். நிலாணி கைப்பேசியோடு பின்னால் வந்தாள். பேர்ணடெற் படிவத்தை நீட்டினாள்.

"அண்ணை, இந்தத் திகதியை வெட்டிவிடுங்கோ. ஒக்ரோபர் பதினைஞ்சு எண்டு போடுங்கோ. ஒரு கோடு கீறினால் சரி."

"அது ஏலாது, தங்கச்சி."

"ஏன் ஏலாது?"

குலசிங்கம் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "சனிக்கிழமை இருபதாம் திகதி வரவேற்பு விழா. துருவம் போய் மீண்ட வீரர்களுக்கு. போன தை மாதமே ஹோல் புக் பண்ணியாச்சு. அறுநூறு பேருக்குச் சாப்பாடு. வரவேற்பு எண்டால் வரவேற்க ஆக்கள் வந்து நிக்க வேணுமே?"

"புறப்பாட்டை ஆறு கிழமை தள்ளினியள். விழாவை ஒரு மாசம் தள்ளேலாதோ?"

"நீங்கள் கருவி செய்யிற ஆள். உங்களுக்கு ஹோல் எண்டால் என்னெண்டு தெரியாது. ரொறன்ரோவிலை சனிக்கிழமை ஹோல்! பனி அடுத்த வருசமும் இருக்கும், தங்கச்சி. சனிக்கிழமை ஹோல் இருக்குமோ?"

"பனி இருக்கும். கொக்கி திறவாது. இரண்டு வருசத்து அளவு அதுக்குள்ளை கிடக்கு. பனி எவ்வளவு மெலிஞ்சு போச்சுது எண்டு ஆரும் ஊகமாச் சொல்லத் தேவையில்லை. அது அளந்து வைச்சிருக்கு. உங்கடை மாமன்றத்தின்ரை முதலாவது நோக்கமே அதுதானே?"

குலசிங்கம் யோசித்தார். அவருக்குப் பிரச்சினைகளைத் தீர்த்துவைப்பதில் உண்மையான விருப்பம் இருந்தது.

"உங்களுக்கு அளவுதானே வேணும்?" என்றார். "நீங்களே ஒரு அளவைச் சொல்லுங்கோவன். மேடையிலை வாசிப்பம். ஒரு மீற்றர் காணுமோ? ஒண்டரை போடுவமோ?"

பேர்ணடெற் கப்டனைப் பார்த்தாள். சீமோன் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்ரி," என்று நிலாணி மெல்லக் கூப்பிட்டாள். "அந்த ஒண்டரை மீற்றர்... இற்ஸ் லைக் ஹைற்றா, விட்த்தா? கப்ஷனுக்கு வேணும்."

செப்டெம்பர் 17ஆம் திகதி புதன்கிழமை பதினொன்றேகாலுக்கு 'வெண்கடல்' கயிற்றை அவிழ்த்தது. வெப்பநிலை இருபத்தேழு பாகை. இருபத்துநாலு பேர் தடித்த குளிர்க்கோட்டும் கம்பளித் தொப்பியும் கையுறையும் போட்டு, வியர்வை ஒழுக ஒழுக, முன்தளத்தில் நின்றார்கள். பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்கு விடும் நுரை இயந்திரம் அவர்கள்மேல் சவர்க்கார நுரையைத் தள்ளியது. கப்பல் ரொறன்ரோத் தீவுகளைச் சுற்றிக்கொண்டு போனது. நிலாணி கமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னால் ரொறன்ரோ நகரத்துக் கோபுரம் தெரியாதபடி பார்த்துக்கொண்டாள்.

தீவுகளின் தெற்குப் பக்கத்தில் இயந்திரத்தை நிறுத்தி, 'பனியைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்தல்' என்ற நிகழ்ச்சியை நடத்தினார்கள். நான்கு பேர் கரடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அது இப்போது கரடி போலவும் இல்லை, வேறெதையும் போலவும் இல்லை. மேலெல்லாம் மஞ்சள் எண்ணெய் உறைந்திருந்தது. முதுகில் ஒரு றோல்ஸ் அப்படியே ஒட்டியிருந்தது. குலசிங்கம் அதற்குப் புது மாலை போட்டார். எல்லோரும் கைதட்ட, ஏரிக்குள் தள்ளினார்கள். அது தலைகீழாகக் கவிழ்ந்து மிதந்தது. எண்ணெய் மணத்துக்குக் கடற்காகங்கள் கூட்டமாக வந்து இறங்கிக் கொத்தின. ஒருவர், "இயற்கை எங்களை ஏற்றுக்கொண்டது," என்று ஒலிவாங்கியில் சொன்னார். இன்னொருவர் கப்பல் விளிம்புக்குப் போய்ச் சத்தி எடுத்தார். வெயிலுக்குக் குளிர்க்கோட்டு ஒத்துவரவில்லை.

கப்டன் சீமோன் அன்றைய பதிவேட்டில் எழுதியது: 'ஓடிய தூரம் பதினெட்டுக் கிலோமீற்றர். எதிர்ப்பட்ட பனி: ஒரு துண்டு. மாலை போடப்பட்டது.'

சனிக்கிழமை மண்டபத்துக்குப் பேர்ணடெற் போனாள். ஒலிவாங்கி கையில் கிடைத்தால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம் என்று நம்பினாள். சச்சிதானந்தனும் வந்து முன்வரிசையில் இருந்தார். இரண்டு மாமன்றங்களின் பதாகைகளும் பக்கம் பக்கமாகத் தொங்கின. உயரத்தை அளவுநாடா வைத்துச் சமன் செய்திருந்தார்கள். கப்பலில் போன இருபத்துநாலு பேரையும், போகாத பதினெட்டுப் பேரையும் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். இருபத்தொன்பதாவது அம்சம் 'கண்டுபிடிப்பு உரை, இரண்டு நிமிடம்'. அவளை அழைத்தார்கள்.

"கப்பல் வடக்கை போகேல்லை," என்றாள் பேர்ணடெற். மேடையில் நிற்கிறவர்கள் பேசும் தமிழ் அவளுக்கு வரவில்லை. "தீவைச் சுத்திப்போட்டு வந்தது. கருவியை எடுக்கேல்லை. நாங்கள் ஒரு பனியையும் அளக்கேல்லை. எங்களிட்டை ஒரு இலக்கமும் இல்லை. செய்ய ஏலுமாயிருந்தது. நேரம் இருந்தது. செய்யேல்லை."

முன்வரிசையில் ஒரு பெண்மணி கைப்பையை மூடினாள். பேர்ணடெற் அடுத்த வசனத்துக்கு மூச்செடுத்தபோது, பின்னாலிருந்து சரிகைச் சால்வையொன்று அவளுடைய தோளில் விழுந்து கையையும் ஒலிவாங்கியையும் சேர்த்து மூடியது. குலசிங்கம் அதை வெளியே எடுத்துத் தன் வாயருகே வைத்தார். அவருடைய கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

"பார்த்தீர்களா? இதற்குப் பெயர்தான் தன்னடக்கம்! இவ்வளவையும் செய்துவிட்டு, ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? இன்று முதல் இவர் எங்கள் பனிமகள்!"

அறுநூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சாப்பாடு திறந்துவிட்டதாக அதே நேரத்தில் அறிவித்தார்கள். ஆகையால் எழுந்தவர்கள் மறுபடி இருக்கவில்லை.

செப்டெம்பர் 30ஆம் திகதியோடு கொக்கியின் பற்றறிக் காலம் முடிந்தது. ஒக்ரோபர் 3ஆம் திகதி பல்கலைக்கழகம் கருவியை 'மீட்கப்படாதவை' என்ற பட்டியலில் சேர்த்தது. மாமன்றங்கள் இரண்டும் அடுத்த வருடத்துத் தென்துருவப் பயணத்தைத் தனித்தனியே அறிவித்தன. அடுத்த கோடையில் புதுக் கருவியொன்றை இறக்க, வடக்கே போகும் கப்பல்களில் இடம் கேட்டுப் பேர்ணடெற் எழுதிய ஏழு கடிதங்களுக்கும் இடமில்லை என்று பதில் வந்தது.